சீசன் முடிந்தால் கடையும் முடிந்ததா?

மலை ஊர்களில் கடை வைத்திருக்கும் நம் உறுப்பினர்களுக்கு ஆண்டு என்பது பன்னிரண்டு மாதம் அல்ல. ஏப்ரல், மே, ஜூனில் பாதி. பிறகு ஆயுத பூஜை விடுமுறையில் ஒரு வாரம், தீபாவளியை ஒட்டி நாலு நாள், கிறிஸ்துமஸ் தொடங்கிப் பொங்கல் வரை ஓர் இருபது நாள். கூட்டிக் கழித்துப் பார்த்தால் நூறு, நூற்றுப்பத்து நாள் தேறும். மீதி நாட்களிலும் கடை வாடகை ஓடுகிறது; கரண்டு பில் வருகிறது; வேலையாளுக்குச் சம்பளம் கொடுத்தாக வேண்டும். கல்லாப் பெட்டி மட்டும் ஓடுவதில்லை.

இந்த நிலை நமக்குப் புதிதல்ல. சீசனை நம்பி மார்ச் மாதமே வத்தலக்குண்டிலும் திண்டுக்கல்லிலும் மண்டிக்காரரிடம் கடனுக்குச் சரக்கு எடுப்பது, மே மாதத்தில் தள்ளிவிடுவது, ஜூன் கடைசியில் நிலுவையை அடைப்பது, ஜூலையில் தேங்கிய பிஸ்கட் பெட்டிகளின் தேதியைப் பார்த்துப் பெருமூச்சு விடுவது என்பதுதான் கொடைக்கானலில் பல கடைகளின் ஆண்டுக் கணக்கு. சீசன் நன்றாக இருந்த வருஷம் கடன் அடையும். மழை, தேர்தல், நோய்த்தொற்று என்று ஏதாவது ஒன்று குறுக்கே வந்த வருஷம் பேரேட்டில் பழைய பாக்கி அப்படியே அடுத்த பக்கத்துக்குப் போகும். 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுக் கோடையும் ஊரடங்கில் போனதில் பலர் வட்டிக்கு வாங்கித்தான் கடையைக் காப்பாற்றினார்கள்.

இதற்கு மேல் இ-பாஸ். சென்னை உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் சுற்றுலா வாகனங்கள் இ-பாஸ் பெற வேண்டியதாயிற்று. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை வாகன எண்ணிக்கைக்கே வரம்பு விதிக்கப்பட்டது. நீலகிரிக்கு வேலை நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு வேலை நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000. உள்ளூர் வாகனங்களுக்கும் பொதுப் போக்குவரத்துக்கும் அத்தியாவசியப் பொருள் ஏற்றி வரும் வண்டிகளுக்கும் விலக்கு உண்டு. இதை எதிர்த்து 2025 ஏப்ரல் 2 அன்று நீலகிரி வணிகர்கள் கடையடைப்பே நடத்தினார்கள். இ-பாஸ் பற்றி வணிகர்கள் கேட்டது என்ன, கிடைத்தது என்ன என்பது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அதை இங்கே மறுபடி விரித்துரைக்கப் போவதில்லை.

ஆனால் ஒன்றைக் கண் திறந்து பார்க்க வேண்டியிருக்கிறது. மலை எவ்வளவு வண்டியைத் தாங்கும் என்று ஆராயும் பொறுப்பை நீதிமன்றம் சென்னை ஐ.ஐ.டி.யிடமும் பெங்களூர் ஐ.ஐ.எம்.மிடமும் ஒப்படைத்தது. ஆய்வு எப்படி முடிந்தாலும், பழையபடி எத்தனை வண்டி வந்தாலும் ஏறலாம் என்ற காலம் திரும்பும் என்று நாம் எண்ணவில்லை. வருகிறவர் தொகைக்கு வரம்பு வந்துவிட்டால் வணிகன் அடுத்துக் கேட்க வேண்டிய கேள்வி, வருகிறவர் எத்தனை நாள் தங்குகிறார், நம் கடையில் என்ன வாங்குகிறார் என்பதுதான். நேற்று வந்து நாளை இறங்குகிறவர் ஒரு வண்டி. வந்து ஒரு மாதம் தங்குகிறவரும் ஒரே வண்டி. பாஸ் கணக்கில் இருவரும் ஒன்று. நம் கணக்கில் ஒன்றாகுமா?

இந்த இடத்தில்தான், ஊர் ஊராகத் தங்கி கம்ப்யூட்டரில் வேலை பார்க்கும் ஒரு புதுக் கூட்டத்தைப் பற்றி நம் வணிகப் பெருமக்களோடு பேச விரும்புகிறோம்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது சென்னை, பெங்களூர் கம்பெனிகளின் ஊழியர்கள் லாப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சொந்த ஊருக்குப் போனார்கள். வேலை நின்றுவிடவில்லை. அந்த ஆண்டு டி.சி.எஸ். நிறுவனம், 2025-க்குள் தன் ஊழியர்களில் கால் பங்குப் பேர் மட்டும் அலுவலகம் வந்தால் போதும் என்றுகூடத் திட்டம் சொன்னது. பின்னர் அதே நிறுவனம் 2023 அக்டோபர் முதல் எல்லோரையும் திரும்ப அழைத்தது. அதனால், "வீட்டிலிருந்து வேலை என்பதெல்லாம் முடிந்த கதை, அவர்களை நம்பி நாம் என்ன செய்வது?" என்று கேட்பவர்கள் நம்மில் உண்டு. கேள்வி நியாயமானது. பாதி உண்மையும்கூட. பெரிய கம்பெனிகள் கயிற்றை இறுக்கிவிட்டன. ஆயினும் இன்போசிஸ் 2025 மார்ச்சில் கேட்டது மாதம் பத்து நாள் அலுவலக வருகைதான். அப்படியானால் அந்த ஊழியர் மாதத்தில் இரண்டு வாரம் எங்கே உட்கார்ந்தும் வேலை பார்க்கலாம் என்றாகிறது. இதைத் தவிரச் சொந்தமாகத் தொழில் செய்யும் கணக்கர்கள், மொழிபெயர்ப்பவர்கள், படம் வரைபவர்கள், வெளிநாட்டுக் கம்பெனிக்கு வேலை பார்ப்பவர்கள் என்று அலுவலகமே இல்லாத ஒரு கூட்டம் இருக்கிறது. லட்சக்கணக்கில் வேண்டாம். ஒரு மலை ஊருக்கு அதிலிருந்து இருநூறு பேர் போதும்.

யோசித்துப் பார்த்தால், மலை ஊர்கள் பிறந்ததே இப்படித்தான். இரண்டு நாள் வந்து ஏரியைச் சுற்றிவிட்டுப் போகிறவர்களுக்காக வெள்ளைக்காரன் ஊட்டியைக் கட்டவில்லை. சென்னை மாகாண அரசே கோடைக்குக் கோப்புகளையும் குமாஸ்தாக்களையும் தூக்கிக்கொண்டு ஊட்டிக்குப் போய், மாதக்கணக்கில் அங்கிருந்து ஆட்சி நடத்தியது. கொடைக்கானலில் 1845-ல் முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டிய அமெரிக்கப் பாதிரிமார்களும் மதுரை வெயிலுக்குத் தப்பிக் குடும்பத்தோடு மாதக்கணக்கில் தங்கினவர்களே. 1901-ல் அவர்கள் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளி இன்னும் இருக்கிறது. மலையில் முதல் மளிகைக் கடைகளுக்கு வாடிக்கை இவர்கள்தான். அரிசியும் நெய்யும் மாவும் மாதக் கணக்கில் போயிருக்கும்; மாதம் பிறந்தால் பணம் வந்திருக்கும். ஓட்டமாக வந்து ஓட்டமாகப் போகும் சுற்றுலா, பஸ்ஸும் காரும் பெருகிய பிறகு வந்த வழக்கம். தங்கி வேலை செய்கிறவன் மலைக்குப் பழைய விருந்தாளி.

வட்டக்கானலையும் மறக்க வேண்டாம். அங்கே இஸ்ரேல் நாட்டு இளைஞர்கள் வாரக்கணக்கில் வந்து தங்கப் போய், "குட்டி இஸ்ரேல்" என்ற பேரே நிலைத்துவிட்டது. அதோடு சில வேண்டாத பழக்கங்களும் போலீஸ் தலைவலியும் வந்தன என்பதை மறைப்பதற்கில்லை. நாம் சொல்ல வருவது வேறு. வெளியூர்க்காரர் நீண்ட நாள் தங்கினால் ஒரு மலைக் குக்கிராமத்திலும் சிறு கடை பிழைக்கும் என்பதற்குச் சாட்சி தேடி நாம் கடல் கடந்து போக வேண்டியதில்லை.

கடல் கடந்தும் பார்த்துவிடுவோம். பல்கேரியா நாட்டில் பான்ஸ்கோ என்று ஒரு மலை ஊர். எட்டாயிரம், ஒன்பதாயிரம் பேர் வாழும் ஊர். குளிர்காலத்தில் பனிச்சறுக்கு விளையாட வருகிறவர்களே அதற்கு முதலாளி. பனி உருகினால் விடுதிகள் காலி. 2016-ல் அங்கே சிலர் சேர்ந்து, மேசையும் இண்டர்நெட்டும் கொண்ட ஒரு பொது வேலைக்கூடம் திறந்தார்கள். காலியாகக் கிடந்த சிறு அடுக்கு வீடுகளில் குறைந்த வாடகைக்குக் கம்ப்யூட்டர் வேலைக்காரர்கள் வந்து தங்கத் தொடங்கினார்கள். இப்போது கோடையிலும் அந்த ஊரில் ஆள் நடமாட்டம் இருக்கிறது. அவர்களுக்கென்றே ஆண்டுதோறும் கோடையில் ஒரு கூடுகையும் நடத்துகிறார்கள். அரசாங்கம் பணம் கொட்டிச் செய்த காரியம் அல்ல இது. ஒரு கூடமும், காலி அறைகளும், நல்ல இணைப்பும் செய்த வேலை.

போர்ச்சுகலுக்குச் சொந்தமான மதெய்ரா தீவில் 2021 பிப்ரவரியில் வட்டார அரசின் ஆதரவோடு பொந்தா டோ சோல் என்ற சிற்றூரில் இதையே செய்தார்கள். ஊர்க் கலாசார மன்றக் கட்டடத்தில் மேசை நாற்காலி போட்டு, இண்டர்நெட் கொடுத்து, பதிவு செய்தவர்கள் இலவசமாக உட்கார்ந்து வேலை பார்க்கலாம் என்றார்கள். நோய்த்தொற்றால் சுற்றுலா படுத்துக் கிடந்த நேரம் அது. பார்படாஸ் தீவு 2020 ஜூலையில் பன்னிரண்டு மாத விசாவே கொடுத்தது. தாய்லாந்து 2024-ல் ஐந்தாண்டு விசா கொண்டுவந்தது. ஒரு தடவைக்கு 180 நாள் தங்கலாம். இந்தியாவில் அப்படித் தனி விசா இல்லை. அதனால் வெளிநாட்டுக்காரரை இப்போதைக்கு ஒதுக்கிவிட்டு நம் நாட்டுக்காரரைப் பற்றியே பேசுவோம்.

நம் நாட்டிலும் தொடங்கிவிட்டார்கள். சிக்கிம் மாநிலம் பாக்யோங் மாவட்டத்தில் யாக்தென் என்ற சிறு கிராமத்தை 2025 ஜூலையில் இந்த வகை வேலைக்காரர்களுக்கான கிராமமாக அறிவித்தார்கள். வீடுகளில் தங்கும் வசதி, இரட்டை இண்டர்நெட் இணைப்பு, கரண்டு போனால் மாற்று ஏற்பாடு. சீசன் இல்லாத மாதங்களில் வீட்டுக்காரர்களுக்கு வருமானம் வர வேண்டும் என்பதையே நோக்கமாகச் சொன்னார்கள். நம் பக்கத்தில், குற்றாலத்துக்கு அருகே மத்தளம்பாறையில் சோஹோ நிறுவனம் கிராமத்திலேயே கம்ப்யூட்டர் அலுவலகம் வைத்து நடத்துகிறது. குற்றாலச் சீசன் ஜூன், ஜூலை, ஆகஸ்டில்தான். அலுவலகச் சம்பளம் பன்னிரண்டு மாதமும் வரும். தென்காசிப் பக்கத்துக் கடைக்காரருக்கு இந்த வித்தியாசத்தை நாம் விளக்க வேண்டியதில்லை.

இனி நம் கணக்கு. கீழே வருவது மனக்கணக்குதான். அவரவர் கடைக்கு ஏற்பத் தொகையை மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். இரண்டு நாள் வருகிற ஒரு தம்பதி மளிகைக் கடையில் என்ன வாங்குவார்கள்? தண்ணீர், பிஸ்கட், ஒரு சோப்பு, தலைவலி மாத்திரை. இருநூறு ரூபாய் என்று வைப்போம். சாக்லேட், யூகலிப்டஸ் தைலம் விற்கிறவருக்கு அதற்கு மேல் போகும். அது வேறு வியாபாரம். ஒரு மாதம் தங்கிச் சமைத்துச் சாப்பிடுகிற ஒற்றை ஆள், அரிசி, பருப்பு, எண்ணெய், பால், முட்டை, காய்கறி, காபித்தூள், துணி சோப்பு என்று ஏழாயிரம் ரூபாய்க்குக் குறையாமல் வாங்குவார். அதாவது முப்பத்தைந்து தம்பதிகள் சேர்ந்து வாங்குவதை இவர் ஒருவர் வாங்குகிறார், நெரிசல் இல்லாமல், ஹாரன் சத்தம் இல்லாமல்.

நூறு பேர் வந்தால் மாதம் ஏழு லட்சம் விற்பனை. மளிகையில் நமக்கு நிற்பது எட்டு முதல் பத்து சதவீதம் என்றால் ஐம்பத்தாறாயிரத்திலிருந்து எழுபதாயிரம். அதை ஊரிலுள்ள கடைகள் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். இதைக் கேட்டு, "அவ்வளவுதானா?" என்பீர்கள். அவ்வளவுதான். இதனால் யாரும் மாடி கட்டப் போவதில்லை. ஆனால் ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பரில் ஏழெட்டுக் கடைகளின் வாடகை இதில் அடையும். வட்டிக்கு வாங்காமல் அந்த மூன்று மாதத்தைத் தாண்டிய கடைக்காரர் அடுத்த மார்ச்சில் மண்டியில் ரொக்கம் கொடுத்துச் சரக்கெடுப்பார். ரொக்கத்துக்கும் கடனுக்கும் மூட்டைக்கு எவ்வளவு வித்தியாசம் என்பது நமக்குத் தெரியும். நிஜ லாபம் அங்கேதான் இருக்கிறது. இதோடு பால்காரர், காய்கறிக் கடை, சலவைக் கடை, மெஸ், ஆட்டோ என்று காசு ஒரு சுற்று சுற்றும். பூம்பாறைக்காரரின் மலைப்பூண்டும் (2019-ல் புவிசார் குறியீடு பெற்ற சரக்கு) ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் சுற்றுலாக்காரர் கண்ணில் பட்டால்தான் விலை போகும் என்ற நிலை மாறி, அடுப்படிக்குப் போகும் பொருளாகும்.

எந்த மாதத்தில் அழைப்பது என்பதிலும் நிதானம் வேண்டும். கொடைக்கானலில் ஜூலை முதல் செப்டம்பர் வரை சாரலும் மேகமுமாக இருந்தாலும் நடமாடலாம். பெருமழை அக்டோபர், நவம்பரில் பெய்யும். மலைப்பாதையில் மண் சரியும், மரம் விழும், கரண்டு போகும். அந்த இரண்டு மாதத்துக்கு ஆளைக் கூப்பிட்டு அவதிப்பட வைத்தால் அவர் இறங்கிப் போய் நாலு பேரிடம் சொல்லுவார். ஜனவரி பின்பாதியிலிருந்து மார்ச் வரை குளிரும் தெளிந்த வானமும்; பிள்ளைகளின் பரீட்சைக் காலம் ஆதலால் குடும்பங்கள் வருவதில்லை, அறைகள் காலி. ஆக நமக்கு ஏற்ற காலம் இந்த இரண்டு துண்டுகள். ஊட்டிக்கு ஜூலை, ஆகஸ்ட் தென்மேற்கு மழை. அங்குள்ள உறுப்பினர்கள் தங்கள் பஞ்சாங்கத்தைத் தாங்களே குறித்துக்கொள்ள வேண்டும். ஏற்காடு, ஏலகிரிக்காரர்களுக்கும் அப்படியே.

அடுத்து, வருகிறவருக்கு என்ன வேண்டும்? மலையில் பல விடுதி அறைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: பெரிய கட்டில், சுவரில் டி.வி., கண்ணாடி பதித்த ஒரு பலகை. உட்கார்ந்து எட்டு மணி நேரம் வேலை செய்ய ஒரு மேசை கிடையாது. முதுகு தாங்கும் நாற்காலி கிடையாது. கட்டிலில் சம்மணமிட்டு மூன்று நாள் வேலை பார்த்தவர் நாலாம் நாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிடுவார். இண்டர்நெட் "இருக்கிறது" என்று சொன்னால் போதாது. ஒரு கம்பெனி இணைப்பு அறுந்தால் இன்னொரு கம்பெனி இணைப்பு வேலை செய்ய வேண்டும். கரண்டு போனால் வை-ஃபை பெட்டி அணையக் கூடாது. அந்தப் பெட்டிக்குப் பத்துப் பன்னிரண்டு வாட் மின்சாரமே போதும். ஓரிரண்டாயிரம் ரூபாயில் கிடைக்கும் சின்ன பேட்டரிப் பெட்டி ஒன்றைக் கோத்துவிட்டால் சில மணி நேரம் தாங்கும். அறைக்குப் பல்லாயிரம் செலவழித்து வர்ணம் பூசுகிற விடுதிக்காரர் இந்த இரண்டாயிரத்தைச் செய்வதில்லை என்பதுதான் நமக்கு வியப்பு. கூடவே ஒரு சிறு அடுப்படி, வெந்நீர், மழை மாதத்தில் துணி உலர்த்த ஓர் இடம். கடைசியாகச் சொன்னதை எந்த விளம்பரத்திலும் காண முடியாது. கேட்டுப் பாருங்கள், ஒரு மாதம் தங்குகிறவர் முதலில் கேட்பதே அதுவாக இருக்கும்.

வாடகையும் மாதக் கணக்கில் சொல்லப்பட வேண்டும். நாள் வாடகையை முப்பதால் பெருக்கிச் சொன்னால் யாரும் வர மாட்டார்கள். வரி விஷயத்தில் விடுதிக்காரர்கள் கவனிக்க ஒன்று உண்டு. நாள் வாடகை 7,500 ரூபாய் வரையுள்ள ஓட்டல் அறைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. ஆனால் உள்ளீட்டு வரி வரவு எடுக்க முடியாது. ஒருவருக்கு மாதம் 20,000 ரூபாய்க்கு மிகாமல், தொடர்ந்து குறைந்தது 90 நாள் தங்க வைக்கும் சேவைக்கு 2024 ஜூலையிலேயே விலக்கு கிடைத்திருக்கிறது. மூன்று மாதத் தங்கலுக்கு இது பொருந்துமா என்று அவரவர் ஆடிட்டரைக் கேட்டு முடிவு செய்துகொள்ளட்டும்.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். விடுதிக்காரரைச் சொல்லிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. மலைக் கடைகள் சிலவற்றில் இரண்டு விலை இருக்கிறது: ஊர்க்காரருக்கு ஒன்று, முகம் தெரியாதவருக்கு ஒன்று. தண்ணீர் பாட்டிலிலும் பால் பாக்கெட்டிலும் எம்.ஆர்.பி.க்கு மேல் வாங்குவது சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். இரண்டு நாள் வருகிறவர் முணுமுணுத்துக்கொண்டே கொடுத்துவிட்டுப் போவார். ஒரு மாதம் தங்குகிறவருக்கு மூன்றாம் நாளே அடுத்த கடை விலை தெரிந்துவிடும். பிறகு நம் படி ஏற மாட்டார். ஆன்லைனில் பொட்டலம் வரவழைக்க அவருக்குத் தெரியாதா? பருப்பும் சோப்பும் இரண்டு மூன்று நாளில் அவர் வாசலுக்கே வந்துவிடும். நம்மால் கொடுக்க முடிவதும் ஆன்லைனால் கொடுக்க முடியாததும் எவை? காலையில் பால், அன்றைய காய்கறி, மழையில் வீட்டுக்கே ஆள் அனுப்பிக் கொடுக்கும் அரைக் கிலோ சர்க்கரை, "கேஸ்காரர் எப்போது வருவார்?" என்ற கேள்விக்குப் பதில். இதைச் சரியாகச் செய்கிற கடைக்காரரை விட்டு அவர் போக மாட்டார்.

சரக்கு விஷயத்தில் அவசரம் வேண்டாம். ஓட்ஸ், நிலக்கடலை வெண்ணெய், சிறுதானிய மாவு, ஃபில்டர் காபித்தூள் என்று கேட்பார்கள். கேட்டதை எல்லாம் பெட்டி பெட்டியாக இறக்கினால் ஆறு மாதத்தில் தேதி முடிந்து குப்பைக்குப் போகும். இந்த இடத்தில் கீழே உள்ள மொத்த வியாபாரிகளுக்கு நம் வேண்டுகோள் ஒன்று: சீசன் இல்லாத மாதங்களில் பெட்டிக்குப் பதில் கால் பெட்டி கொடுங்கள், மாதக் கெடுவுக்குப் பதில் வாரக் கெடு வைத்துக்கொள்ளுங்கள். சின்ன அளவில் வாரா வாரம் ஏறும் சரக்கில் உங்களுக்கும் பணம் முடங்காது. ஜூலையில் காலி வண்டியாக மலையேறுவதைவிட அரை வண்டியாக ஏறுவது மேல் அல்லவா?

இதில் ஆபத்து இல்லையா என்றால், இருக்கிறது. மதெய்ராவில் வெளியூர்க்காரர் வரவால் வீட்டு வாடகை ஏறிவிட்டதாக உள்ளூர்க்காரர்களே புகார் சொல்கிறார்கள். லிஸ்பன் நகரத்திலும் அதே புலம்பல். நம் ஊரில் வாடகை ஏறினால் முதலில் அடிபடுவது யார்? நம் கடையில் வேலை பார்க்கும் பையன்தான். மூஞ்சிக்கல்லிலும் நாயுடுபுரத்திலும் ஒற்றை அறையில் குடியிருக்கிற குடும்பத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டு, அதை வெளியூர்க்காரருக்கு மூன்று மடங்கு வாடகைக்கு விடும் வேலையை நம் உறுப்பினர் எவரும் செய்யக் கூடாது. நாம் பேசுவது ஏற்கெனவே கட்டி, உரிமம் பெற்று, சீசன் முடிந்ததும் பூட்டிக் கிடக்கிற அறைகளைப் பற்றி மட்டுமே. குடியிருப்புக்கு என்று அனுமதி வாங்கிய கட்டடத்தை விடுதியாக்கினவர்கள் சீல் வைக்கப்பட்டு அலைந்ததைக் கொடைக்கானல் பார்த்திருக்கிறது. புதிதாக ஒரு செங்கல்லும் வேண்டாம். சீசன் இல்லாத மாதத்தின் வசதியே இதுதான்: அறை ஏற்கெனவே இருக்கிறது, ஆள்தான் இல்லை.

தண்ணீரும் இருக்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் மலையில் தண்ணீர் லாரிக்கு நாம் படும் பாடு தெரியும். ஜூலைக்குப் பின் வருகிற இருநூறு பேரால் அந்தத் தொல்லை கூடாது. கோடையில் அவர்களை வரச் சொல்லவே தேவையில்லை, அறையும் கிடைக்காது.

அரசிடம் நாம் கேட்க வேண்டியவை சில உண்டு, எல்லாம் செலவில்லாதவை. பதினைந்து நாளுக்கு மேல் தங்குகிறவர்களின் வாகனத்தை இ-பாஸ் முறையில் தனி வகையாக வைத்து, எண்ணிக்கை வரம்பு அமலில் இருக்கும் காலத்தில் அந்தக் கணக்கில் சேர்க்காமல் விட வேண்டும். மலையைக் காக்கும் நோக்கத்துக்கு இது விரோதமல்ல. ஒரு மாதத்தில் ஒருமுறை ஏறி ஒருமுறை இறங்குகிற வண்டி அது. மின்வாரியம் பராமரிப்புக்காகக் கரண்டு நிறுத்தும் நாளை ஒரு வாரம் முன்னதாகவே அறிவித்து, சொன்ன நேரத்தில் திரும்பக் கொடுக்க வேண்டும். சாலையோரம் தோண்டும் வேலைகளை ஒரே துறை ஒருங்கிணைத்தால் இண்டர்நெட் கேபிள் வாராவாரம் அறுபடாது. இவற்றைப் பெருங்கோரிக்கை ஆக்கி ஊர்வலம் போக வேண்டியதில்லை. கோட்டாட்சியரிடம் நேரில் போய் ஒரு மணி நேரம் பேசினாலே பாதி நடக்கும்.

நாமே செய்யக்கூடியது ஒன்று மிச்சம். மலை ஊர்களில் நம் சங்கக் கட்டடங்களின் மாடி, மாதக் கூட்டம் தவிர மற்ற நாளெல்லாம் பூட்டியே இருக்கிறது. பொந்தா டோ சோல்காரர்கள் கலாசார மன்றத்தில் செய்ததை நாம் அங்கே செய்யலாம். பத்து மேசை, பத்து நாற்காலி, இரண்டு கம்பெனி இணைப்பு, ஓர் இன்வர்ட்டர், சுத்தமான கழிவறை. நம் மதிப்பில் இரண்டு லட்சத்துக்குள் முடியும். ஒருவருக்கு நாளொன்றுக்கு நூறு ரூபாய் வாங்கினால் இணைப்புச் செலவும் கூட்டிப் பெருக்குபவர் சம்பளமும் கட்டும். விடுதி அறையில் இணைப்பு அறுந்தவர் ஓடி வர ஓர் இடம் இருக்கிறது என்ற தைரியத்தில்தான் ஆள் மலையேறுவார். வந்து உட்கார்ந்தவர் திரும்பிப் போகும் வழியில் நம் கடைகள் இருக்கும்.

ஆகவே மலை ஊர்க் கிளைகளுக்கு ஒரு யோசனை. மே மாதக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக எடுத்துக்கொள்ளுங்கள். மாத வாடகைக்கு அறை கொடுக்கச் சம்மதிக்கும் விடுதிக்காரர்களின் பெயர், அறை எண்ணிக்கை, வாடகை, மேசை நாற்காலி உண்டா, இரட்டை இணைப்பு உண்டா என்ற விவரத்தோடு ஒரு பட்டியல் எடுங்கள். வீட்டுக்குச் சரக்கு அனுப்பும் கடைகளின் பட்டியலையும் சேர்த்து, ஜூன் 15-க்குள் நம் இதழ் அலுவலகத்துக்கு அனுப்பினால் இரண்டையும் ஜூலை இதழில் இலவசமாக வெளியிடுகிறோம். சென்னை, கோவை, மதுரை உறுப்பினர்கள் அந்தப் பக்கத்தைக் கத்தரித்துத் தங்கள் கடையில் ஒட்டி வைத்தால் போதும். லாப்டாப்பும் கையுமாக வரும் வாடிக்கையாளர் யார் என்று அவர்களுக்கே தெரியும்.